சரணாலயக் கோட்டுக்கு வெளியே நிற்கும் மலைகளை யார் காப்பது?

அசம்பு மலையோரம்

நம் குமரி மாவட்டத்தில் கனிமவளம் என்று பேச்செடுத்தால் கல் ஏற்றும் டாரஸ் கனரக லாரி, சோதனைச்சாவடி, கனிமம் ஏற்றிப் போக அனுமதிக்கும் நடைச்சீட்டு என்று எல்லாம் சாலையிலேயே நின்றுவிடுகிறது. லாரியில் ஏறுவதற்கு முன் அந்தக் கல் ஒரு மலையாக இருந்தது. வெடி வைப்பதற்கு முன் அதன் மேலிருந்த மண்ணையும் மரத்தையும் பொக்லைன் வைத்து வழித்தெறிந்திருக்கிறார்கள். அந்த மலையையும் மரத்தையும் பற்றிப் பேசத்தான் இந்த இணைய இழை.

மேலே இருக்கும் பெரிய காட்டுக்குக் கோடு போட்டாகிவிட்டது. கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயம் 402 சதுர கிலோமீட்டர். மாவட்டத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. வீரப்புலி, கிளாமலை, அசம்பு, மகேந்திரகிரி காப்புக்காடுகள் அதற்குள் வருகின்றன. 2001-ல் அமைந்த அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தில் நம் மாவட்டமும் உண்டு. அதை யுனெஸ்கோ 2016-ல் உலக வலையமைப்பில் சேர்த்தது. ஆனால் 2012-ல் மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 இடங்களை உலகப் பாரம்பரியமாக அறிவித்தபோது, அகத்தியமலைத் தொகுதியில் ஒரு பக்கம் களக்காடு–முண்டந்துறை வந்தது, இன்னொரு பக்கம் நெய்யாறும் பேப்பாறையும் வந்தன. இரண்டையும் ஒட்டிக் கிடக்கும் குமரிக் காடு அந்தப் பட்டியலில் இல்லை. ஒரே மழை, ஒரே மரம், ஒரே யானைக்கூட்டம். பட்டியல் மட்டும் வேறு.

அதைவிட என்னை உறுத்துவது கோட்டுக்குக் கீழே இருப்பவை. சரணாலய எல்லைக்கும் வயல்களுக்கும் நடுவில் நிற்கும் சிறு மலைகளில் சில பட்டா, சில புறம்போக்கு. பெரும்பாலானவற்றில் ரப்பர் ஏறிவிட்டாலும், உச்சியிலும் ஓடை இடுக்குகளிலும் அயனி, தம்பகம், வேங்கை, மருது என்று பழைய காட்டின் மிச்சம் இன்னும் நிற்கிறது. வருவாய்த் துறைப் பதிவேட்டில் அது காடு இல்லை. கல் உள்ள நிலம், அவ்வளவுதான்.

புதிதாக வெட்டிய ஒரு மலைமுகத்தின் அருகில் நின்று பாருங்கள். மேலே ஓர் ஆள் உயரத்துக்குச் செம்மண், அதில் தொங்கும் வேர்கள். அதற்கடியில் கையால் உதிர்க்கக்கூடிய மக்கிய பாறை. அதற்கும் கீழே நீலம் பாய்ந்த கருங்கல். மக்கிய பாறையும் கருங்கல்லும் சேரும் அந்த விளிம்பில், பங்குனி வெயிலிலும் ஈரம் கசிந்துகொண்டிருக்கும். அதுதான் கீழே இருக்கும் கிணற்றுக்கும் ஓடைக்கும் போக வேண்டிய தண்ணீர். குவாரிக்குள் அது தொந்தரவு. மோட்டார் வைத்து இறைத்து வெளியே விடுகிறார்கள். இரண்டு கோடை கழிந்ததும் கீழ்க்கரையில் கிணறு ஆழப்படுத்தும் வேலை தொடங்கும். பழையாறும் குழித்துறைத் தாமிரபரணியும் அணையிலிருந்து மட்டும் பிறப்பதில்லை, இந்தக் கசிவுகளும் சேர்ந்துதான் ஆறு.

என் கருத்து இதுதான். சரணாலயத்தை நீட்டச் சொல்லிக் காத்திருப்பதில் பயனில்லை. உயிரியல் பன்மைச் சட்டம் 2002-ன் 37-ஆம் பிரிவில், உயிர்வளம் மிகுந்த ஓர் இடத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அறிவிக்க ஒரு வழி இருக்கிறது. மாநில அரசு உள்ளாட்சிகளைக் கலந்தாலோசித்து அறிவிக்கலாம். மதுரை அரிட்டாபட்டி 2022 நவம்பரில் அப்படித்தான் தமிழ்நாட்டின் முதல் தலமானது. 2025-ல் திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டி கோயில்காடு, ஐந்து ஹெக்டேர்கூட இல்லாத இடம், இரண்டாவதாக வந்தது. ஐந்து ஹெக்டேருக்குச் செய்ய முடியும் என்றால் நம் மலைகளுக்கும், காவு என்று நாம் சொல்லும் கோயில்காடுகளுக்கும் ஏன் முடியாது? குவாரிக்கு விண்ணப்பம் வந்த பிறகு ஓடுவதைவிட, வருவதற்கு முன்பே சர்வே எண் வாரியாக நாம் எழுதி வைக்க வேண்டும்.

குலசேகரம் ரப்பர்காரன்

ஐயா, நல்ல எண்ணத்தில் எழுதுகிறீர்கள், மறுக்கவில்லை. ஆனால் பாரம்பரியம், பாதுகாப்பு என்று அரசாணை வந்தால் அடி யார் தலையில் விழும் என்பதை அனுபவித்தவன் நான். எங்கள் பக்கத்தில் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம், 1949-ன் கீழ் வந்த நிலத்தை ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவின் முன் அனுமதியின்றி விற்க முடியாது, மரம் வெட்ட முடியாது. ரப்பர் என்ன வனமரமா? இருபத்தைந்து, முப்பது வருடம் பால் வெட்டிய பிறகு முறித்து மறுநடவு செய்தால்தான் அடுத்த தலைமுறைக்குச் சோறு. அந்த அனுமதிக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்து, பால் வற்றிய மரத்தை அப்படியே நிற்க விட்டவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். ஒக்கிப் புயல் வந்த 2017-ல் சரிந்து விழுந்த மரத்தை அகற்றவே பட்ட பாடு எனக்குத் தெரியும்.

அதே நேரத்தில் என் தோட்டத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு குவாரி நடக்கிறது. எல்லா அனுமதியும் இருக்கிறது என்கிறார்கள். மதியம் வெடி வைத்தால் மாலையில் ரப்பர் இலையெல்லாம் சாம்பல் பூத்து நிற்கும். பால் கப்பில் பொடி விழுந்தால் ஷீட் தரம் இறங்கும். கடைக்காரர் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு விலையைக் குறைப்பார். என் பட்டாவில் ஒரு மரம் முறிக்க எனக்கு அனுமதி இல்லை. பக்கத்துப் பட்டாவில் ஒரு மலையையே முறிக்க அவருக்கு அனுமதி உண்டு. இதற்குப் பதில் சொல்லாமல் இன்னொரு பாதுகாப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தால் எங்கள் ஆட்கள் குவாரிக்காரர் பக்கம்தான் போய் நிற்பார்கள். சரணாலயத்தைச் சுற்றிக் கட்டுப்பாடு விதிக்கும் சூழல் தாங்கு மண்டலம் என்று பேச்சு வந்தபோது அதுதான் நடந்தது. கூட்டத்தில் முன்வரிசையில் விவசாயி, பின்னால் இருந்து செலவு செய்தது வேறு ஆள்.

வழக்குமன்ற வாசல்

மேலே உள்ள பயத்தில் பாதி உண்மை, பாதி பரப்பப்பட்டது. இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

தனியார் காடுகள் சட்டத்தின் சிக்கல் உண்மை. அது தனிப் போராட்டம், நடக்க வேண்டிய போராட்டம். ஆனால் சூழல் தாங்கு மண்டலத்துக்கு மத்திய அமைச்சகம் 2011-ல் வெளியிட்ட வழிகாட்டுதலைப் படித்துப் பாருங்கள். வணிகச் சுரங்கமும் கல்குவாரியும் தடை. உள்ளூர் மக்கள் ஏற்கெனவே செய்துவரும் விவசாயமும் தோட்டப் பயிரும் அனுமதிக்கப்பட்டவை. சொந்த வீடு கட்ட மண் தோண்டுவதும் அனுமதி. தடை யாருக்கு, அனுமதி யாருக்கு என்பது அதிலேயே எழுதியிருக்கிறது. ஊர்க் கூட்டங்களில் இதை யாரும் வாசித்துக் காட்டவில்லை.

உச்ச நீதிமன்றம் 2022 ஜூன் 3-ல் தேசியப் பூங்கா, சரணாலயங்களைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் சூழல் தாங்கு மண்டலம் கட்டாயம் என்றது. 2023 ஏப்ரலில் அதைத் தளர்த்தியபோதும், தேசியப் பூங்கா, சரணாலயங்களுக்குள்ளும் அவற்றின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ளும் சுரங்கம் கூடாது என்பதை விட்டுக்கொடுக்கவில்லை. தமிழ்நாடு அரசு 2021 நவம்பரில் கனிமச் சலுகை விதியைத் திருத்தி, காப்புக்காடுகளுக்கும் சேர்த்து ஒரு கிலோமீட்டர் தடை விதித்தது. 2022 டிசம்பரில் காப்புக்காடுகளை மட்டும் அந்தத் தடையிலிருந்து எடுத்துவிட்டது. ஓராண்டில் எவ்வளவு கல் திறக்கப்பட்டது பாருங்கள்.

37-ஆம் பிரிவில் ரப்பர்காரர் கவனிக்க வேண்டிய ஓர் உட்பிரிவு உண்டு. அறிவிப்பால் பொருளாதார இழப்பு அடைபவர்களுக்கு ஈடு செய்யவோ மறுவாழ்வு அளிக்கவோ மாநில அரசு திட்டம் வகுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 1949 சட்டத்தை வைத்து இதை அளக்காதீர்கள்.

டாரஸ் வீட்டுப் பிள்ளை

என் அப்பா லாரி ஓட்டுகிறார். கல்லுக்கு எதிராக எழுதும் எல்லோருடைய வீடும் கல்லால் கட்டியது என்பதை முதலில் சொல்ல வேண்டும். ஆற்று மணல் கிடையாது, கல்லைப் பொடித்துச் செய்யும் எம்-சாண்ட்தான். ஜல்லி ஒரு யூனிட் விலை ஏறினால் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்து மாடி எடுப்பவன் கை பிசைந்து நிற்கிறான். இங்கே குவாரியை மூடினால் திருநெல்வேலி, தென்காசியிலிருந்து வருகிறது. அந்த ஊர் மலை மலை இல்லையா? ஓட்டுநர், கிளீனர், கிரஷரில் நிற்கும் ஆள், பஞ்சர் ஒட்டுபவர், டீக்கடை என்று எத்தனை அடுப்பு இதில் எரிகிறது. காடு பேசுபவர்கள் இவர்களுக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?

அசம்பு மலையோரம்

தம்பி, கேள்வி நியாயமானது. அப்பாவின் உழைப்பை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. அதிக பாரம் ஏற்றச் சொல்பவர் தப்பித்துக்கொள்ள, அபராதமும் விபத்தும் ஓட்டுநர் தலையில் விழுவதை நாம் எல்லோரும் பார்க்கிறோம்.

நம் மாவட்டத்து மாடிவீடுகளுக்கு வேண்டிய ஜல்லி எவ்வளவு, எல்லை தாண்டிப் போவது எவ்வளவு என்று மாவட்ட நிர்வாகம் தாலுகா வாரியாகக் கணக்கு வெளியிட வேண்டும். இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் ஏறத்தாழ 3 கிலோமீட்டர். கடலுக்குள் அப்படி ஒரு சுவர் எழுப்பப் பாறை மலை மலையாக வேண்டும். அதில் ஒரு பங்கு தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து போனது. உள்ளூர்த் தேவை என்று பேசிப் பேசி, உள்ளூருக்குச் சம்பந்தமில்லாத அளவுக்கு மலையை எடுக்கிறார்கள். உள்ளூர்த் தேவைக்கான குவாரி, இயற்கைக் காடு மிச்சமில்லாத, ஓடை பிறக்காத இடத்தில், ஆழ வரம்போடு நடக்கட்டும். அதற்கு நான் எதிரி இல்லை.

குதிரேமுக் நினைவிருக்கிறதா? கர்நாடகத்தில் தேசியப் பூங்காவுக்குள் அரசு நிறுவனமே இரும்புத்தாது எடுத்தது. உச்ச நீதிமன்றம் 2002-ல் தீர்ப்பளித்து, 2005 இறுதியோடு நிறுத்தச் சொன்னது. அந்தப் பூங்கா பிறகு 2012 உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. மூடுவதற்கு மூன்று ஆண்டு அவகாசம் இருந்தது. அந்த மாதிரி அவகாசமும், தொழிலாளிக்கு மாற்று ஏற்பாடும் எழுத்தில் வேண்டும் என்று நாமே கேட்கலாம்.

தேங்காய்ப்பட்டணம் முகத்துவாரம்

மலைக்காரர்கள் கடற்கரையை மறந்துவிடாதீர்கள். தோரியம் தரும் மோனசைட் 1909-ல் மணவாளக்குறிச்சிப் பக்கம் கண்டுபிடிக்கப்பட்ட நாள் முதல் எங்கள் மணலுக்கு நிம்மதி இல்லை. இப்போது கிள்ளியூர் தாலுகாவில் கீழ்மிடாலம், மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு என்று 1,144 ஹெக்டேருக்கு அணுக்கனிமச் சுரங்கத் திட்டம். 2024 அக்டோபர் 1-ல் வைத்திருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் எதிர்ப்பால் தள்ளிப்போனது. 2025 செப்டம்பரில் மத்திய அமைச்சகம் அணுக்கனிமம், முக்கியக் கனிமச் சுரங்கங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பே தேவையில்லை என்று குறிப்பாணை போட்டுவிட்டது. கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லும் அந்த ஒரு வாய்ப்பும் போனது.

அரிட்டாபட்டியைப் பற்றியும் முழுதாகப் பேச வேண்டும். பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் ஏறத்தாழ 193 ஹெக்டேர். 2024 நவம்பரில் ஏலம் போன டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி 2,015 ஹெக்டேர். அந்தத் தலத்தையும் உள்ளே வைத்தே ஏலம் விட்டார்கள். அறிவிப்புப் பலகை ஏலத்தைத் தடுக்கவில்லை. மேலூர் மக்கள் ஊர் ஊராகத் திரண்டு மதுரைக்கு நடந்தார்கள். சட்டமன்றம் டிசம்பரில் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 23-ல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. 37-ஆம் பிரிவை எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் அதை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

அசம்பு மலையோரம்

ஒப்புக்கொள்கிறேன் அண்ணாச்சி. ஆனால் ஏலத்தை எதிர்த்து நின்றபோது கையில் காட்ட அவர்களிடம் அரசே கொடுத்த தாள் இருந்தது. நம் மலைகளுக்கு அந்தத் தாள்கூட இல்லை.

பார்வதிபுரத்திலிருந்து ஹோபார்ட்

நான் வேலைக்காக ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில் இருக்கிறேன். இங்கே டார்கைன் என்றொரு காடு, மிகப் பழமையான மிதவெப்ப மழைக்காடு. 2009 டிசம்பரில் ஆஸ்திரேலிய மத்திய அரசு அவசரப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, அடுத்த ஆண்டே காலாவதியாக விட்டது. ஆஸ்திரேலியப் பாரம்பரியக் குழு 4,33,000 ஹெக்டேரைப் பட்டியலிடப் பரிந்துரைத்தது. 2013 பிப்ரவரியில் அமைச்சர் அறிவித்தது கடற்கரையோரமாக ஒரு பட்டை, 21,000 ஹெக்டேர். காரணம் வேலைவாய்ப்பு, சுரங்கம். பழங்குடியினரின் தடயங்கள் இருந்த கரை பட்டியலில் வந்தது; தாது இருந்த காடு வெளியே நின்றது. அதே ஆண்டு ஓர் இரும்புச் சுரங்கத்தின் அனுமதியை நீதிமன்றம் ரத்து செய்தது. தாஸ்மேனியன் டெவில் என்ற விலங்கைப் பற்றிய பாதுகாப்பு ஆலோசனை ஆவணத்தை அமைச்சர் பரிசீலிக்கவில்லை என்பதற்காக. ஆனால் விரைவிலேயே மறுபடி அனுமதி கொடுத்துவிட்டார்கள்.

எல்லைக்கோட்டை வரைபவர் கையில் கனிம வரைபடமும் இருக்கும். அதனால் கோடு எங்கே போக வேண்டும் என்பதை ஊர்க்காரர்கள் முதலில் எழுதுவது நல்ல யோசனை.

பேச்சிப்பாறை மேல்கரை

நான் காணிக்காரப் பழங்குடிக் குடும்பம். இந்த இழையில் காடு என்ற சொல் இத்தனை முறை வந்தும் எங்களை யாரும் கேட்கவில்லை. பேச்சிப்பாறை அணை 1906-ல் வந்தபோதும், தோட்டங்கள் வந்தபோதும், சரணாலயம் வந்தபோதும் எங்கள் தலைவரான மூட்டுக்காணியிடம் யாரும் வந்து உட்கார்ந்து பேசவில்லை. 2006 வன உரிமைச் சட்டம் வந்த பிறகுதான் காகிதம் கேட்கும் உரிமை கிடைத்தது. ஒடிசாவில் நியம்கிரி மலையில் பாக்சைட் எடுப்பதா வேண்டாமா என்று 2013-ல் பன்னிரண்டு கிராம சபைகளைக் கேட்டார்கள். பன்னிரண்டும் வேண்டாம் என்றன. கேட்டால்தானே சொல்ல முடியும்.

ஊரின் மரம், ஓடை, உயிர்களைக் குறித்து வைக்கும் பல்லுயிர்ப் பதிவேடு எழுதுங்கள், சேர்ந்து வருகிறோம். ஒரு நிபந்தனை. எந்த மரம், எந்த ஓடை, எந்தக் காவு என்று எழுதுங்கள். எந்தப் பச்சிலை எந்த நோய்க்கு என்று எழுதாதீர்கள். 1987-ல் கேரளப் பக்கத்துக் காணிகள் அடையாளம் காட்டிய ஆரோக்கியப்பச்சை மூலிகை ஜீவனி என்ற மருந்தாகிக் கடைக்கு வந்தது. பங்கு கொடுத்தார்கள்தான்; ஆனால் யாருக்கு, எவ்வளவு, யார் சம்மதத்தில் என்ற சண்டையில் எங்கள் சனமே இரண்டுபட்டது. மலையைக் காப்பாற்றப் போய் அறிவைத் திறந்த பதிவேட்டில் போட்டுவிடக் கூடாது.

அசம்பு மலையோரம்

இதை நான் யோசித்திருக்கவில்லை, நிச்சயம் சேர்க்க வேண்டும். தீர்மானத்துக்கு ஒரு வரைவு போடுகிறேன். திருத்துங்கள்.

“எங்கள் உள்ளாட்சி எல்லைக்குள் சர்வே எண் ……-ல் உள்ள மலையில் இயற்கைக் காட்டின் மிச்சமும் …… ஓடையின் ஊற்றும் உள்ளன. இந்த ஓடை …… குளத்துக்கும் …… குடிநீர்க் கிணற்றுக்கும் நீர் தருகிறது. உயிரியல் பன்மைச் சட்டம் 2002, பிரிவு 37-ன் கீழ் இதைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்குமாறு மாநில அரசைக் கேட்கிறோம். அறிவிப்பு வரும்வரை இந்த சர்வே எண்ணில் எந்தக் குவாரி குத்தகையும் வழங்கக் கூடாது. மூலிகைப் பயன்பாடு பற்றிய அறிவு காணி மக்களின் எழுத்துப்பூர்வச் சம்மதமின்றிப் பதிவு செய்யப்படாது.”

குலசேகரம் ரப்பர்காரன்

இன்னொரு வரி சேர்த்தால் நானும் கையெழுத்துப் போடுவேன், பத்துப் பேரையும் கூட்டி வருவேன். “இத்தலத்தை ஒட்டிய பட்டா நிலங்களில் ரப்பர், மிளகு, வாழை உள்ளிட்ட சாகுபடிக்கும் மறுநடவுக்கும் புதிய கட்டுப்பாடு எதுவும் விதிக்கப்படாது.”

ஆனால் ஒரு சிக்கல். குலசேகரம், பொன்மனை, கடையால் எல்லாம் பேரூராட்சி. எங்களுக்குக் கிராம சபை கிடையாதே?

வழக்குமன்ற வாசல்

அந்த வரி சரியானது, அப்படியே சேருங்கள். பேரூராட்சி என்பதால் தடையில்லை. 37-ஆம் பிரிவு உள்ளாட்சி என்று பொதுவாகத்தான் சொல்கிறது. 41-ஆம் பிரிவின்படி ஒவ்வோர் உள்ளாட்சியும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும். பேரூராட்சியில் மன்றத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்; உங்கள் வார்டு உறுப்பினர் பொருள்நிரலில் வைக்கச் சொல்லட்டும். கிராம ஊராட்சிகளில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் நடக்கும் சபையில் வைக்கலாம். மனுவாகக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் எண்ணோடு ஏறியிருக்கிறதா என்று அங்கேயே பார்த்து, மறுநாளே சான்றிட்ட நகல் கேட்டு எழுதிக் கொடுங்கள். இழுத்தடித்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கலாம். நகலை மாவட்ட ஆட்சியர், கனிமவளத் துறை, மாநிலப் பல்லுயிர் வாரியம், மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் என்று நால்வருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நாளை அந்த சர்வே எண்ணுக்குக் குத்தகை விண்ணப்பம் வந்தால், ஆட்சேபணை விண்ணப்பத்துக்கு முந்திய தேதியில் கோப்பில் இருக்கும்.

டாரஸ் வீட்டுப் பிள்ளை

அந்தத் தாலுகா வாரியான ஜல்லிக் கணக்கையும் அதே தகவல் உரிமை மனுவில் கேளுங்கள். நடைச்சீட்டில் எந்தக் குவாரியிலிருந்து எங்கே போகிறது என்ற விவரம் இருக்கும். எந்தத் தலைப்பில் கேட்டால் மறுக்க முடியாது என்று அப்பாவிடம் கேட்டு எழுதுகிறேன்.